ஆதிவாசி ஊர்ல போய் க்ளைமேட் பத்திக் கேக்கறதுக்கு முன்னாடி

நீலகிரி கூடலூர் பக்கம் ஒரு காட்டுநாயக்கர் ஊருக்கு சர்வே எடுக்கப் போயிருந்தேன், கையில பன்னெண்டு பக்க ஃபார்ம், அதுல ஏழாவது கேள்வி "காலநிலை மாற்றம் பற்றி அறிவீர்களா". கூட வந்த அந்த ஊர்ப் பொண்ணு அதை அவங்க பாஷைல மாத்திக் கேட்டுச்சு. வாசல்ல உக்காந்திருந்த பாட்டி பதில் சொல்லாம உள்ள போய், நுனி தேஞ்சு போன ஒரு கம்பை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வெச்சாங்க. நூரைக்கிழங்கு தோண்டற கம்பு. இப்போ இதுக்கு வேலையே இல்ல தம்பி, கிழங்கு இருந்த எடமெல்லாம் உண்ணிச்செடி (லாண்டனா) மூடிக்கிச்சு, மழை எப்ப வரும்னு சொல்ல முடியல, மூணு வேளையும் ரேஷன் அரிசிதான், பேத்திக்கு ரத்தம் கம்மின்னு நர்ஸம்மா சொல்லிட்டுப் போறாங்கன்னாங்க. நான் என்ன பண்ணேன்னா, ஏழாவது கேள்விக்கு "தெரியாது"ன்னு டிக் போட்டுட்டு எட்டாவதுக்குப் போயிட்டேன்.

ராத்திரி ரூம்ல ஃபார்மைப் புரட்டும்போதுதான் உறைச்சுது, அந்தப் பாட்டி முழு பதிலையும் சொல்லிட்டாங்க, எழுத எனக்குத்தான் கட்டம் இல்ல. அதனால நான் பண்ணதும், கூட வேலை பாத்தவங்க பண்ணிப் பாத்ததும் சேத்து எழுதறேன், ப்ராஜெக்ட்டுக்கு, வீடியோவுக்கு, மரம் நடறதுக்குன்னு மலைக்குப் போறவங்க படிச்சுட்டுப் போங்க.

முதல் தப்பு மேலயே சொன்னதுதான். நிலத்துக்கு ரெவின்யூ ஆபீஸ், உடம்புக்கு ஆஸ்பத்திரி, மழைக்கு வானிலை மையம்னு பிரிச்சு வெச்சது நாம, அந்தப் பிரிவை அங்க கொண்டு போய்க் கேள்வியா வெக்கறோம். அவங்க பேச்சுல அது ஒரே விஷயமாத்தான் வரும். கூடலூர்ல வேலை நடந்த விதமே அப்படித்தான், 1988 டிசம்பர்ல ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டு ஊர்வலம் போனாங்க, அந்த இயக்கம் ஊர் ஊரா போகும்போதுதான் பிரசவத்துலயும் வயித்துப்போக்குலயும் ஆளுங்க செத்துட்டு இருக்கறது கண்ணுல பட்டு அதுல இருந்து ஆரோக்கிய வேலை வளந்துச்சு, 1990ல அஸ்வினி அமைப்பு ஆரம்பிச்சு அப்புறம் ஆதிவாசி ஆஸ்பத்திரியா ஆச்சு, நர்ஸ்களா ஆதிவாசிப் பொண்ணுங்களே வந்தாங்க. நிலத்தைக் கேட்டுப் போனவங்க உடம்புல வந்து நின்னாங்க, அதுக்கு யாரும் தனியா பிளான் போடல.

அடுத்தது மரம் நடறது. இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நல்ல மனசோட வர்றவங்கதான் இதுல அதிகமா கெடுதல் பண்றாங்க. ஊட்டிக்கு மேல அவலாஞ்சி, முக்குருத்தி பக்கம் போனா மலைச் சரிவு பூரா வெறும் புல்லா இருக்கும், பள்ளத்துல மட்டும் சோலைக்காடு அடர்த்தியா குட்டை குட்டையா நிக்கும். அதைப் பாத்ததும் "ஐயோ காட்டை அழிச்சுட்டாங்க, இங்க மரம் வெக்கலாம்"னு தோணும். அது அழிஞ்ச காடு இல்லீங்க, அதோட இயல்பே அதுதான். குளிர்காலத்துல அங்க உறைபனி விழும், திறந்த சரிவுல சோலை மரக் கன்னு அதுல கருகிடும், புல் தாங்கும். அந்தப் புல்லும் அதுக்குக் கீழ இருக்கற கருப்பு மண்ணும் பஞ்சு மாதிரி மழையைக் குடிச்சு வெச்சுக்கிட்டு மெதுவா விடும், பவானிக்கும் மோயாறுக்கும் கோடைல தண்ணி வர்றது அதனாலதான். வெள்ளைக்காரன் இதைத் தரிசுன்னு எழுதி வெச்சான், ஆஸ்திரேலியாவுல இருந்து சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) கொண்டு வந்தான், நாடு விடுதலையான பிறகும் அதே தோட்டங்களை விறகுக்கும் தொழிற்சாலைக்கும்னு நாம பெருக்கினோம், சீகை இப்போ தானாவே விதை போட்டுப் புல்வெளிக்குள்ள ஏறிட்டு இருக்கு.

தோடர்களுக்கு அந்தப் புல்தான் எருமை, எருமைதான் பால், பால்தான் கோயில். அவங்க பால் கோயில் அரைவட்டமா வளைஞ்சு நிக்கும்ல, அதோட கூரைக்கு எல்லாப் புல்லும் ஆகாது, சேறும் சதுப்புமா இருக்கற எடத்துல வளர்ற ஒரு புல்லுதான் வேணும், அது நீலகிரிப் பக்கத்துக்கே உரியது. சதுப்பு காஞ்சா புல் இல்ல, புல் இல்லன்னா கோயில் வேய முடியாது. ஒரு தோடர் பெரியவர்கிட்ட எருமை குறைஞ்சதைப் பத்திக் கேட்டா அவர் சீகை மரத்தைக் கை காட்டுவார், கேள்விக்குப் பதில் சொல்லலன்னு நினைச்சுடாதீங்க. புல்வெளிக்கு நல்லது பண்ணணும்னா சீகை நாத்தைப் புடுங்கற வேலைக்குப் போங்க, மரக்கன்னு எடுத்துட்டு மட்டும் போகாதீங்க.

தீ விஷயத்துலயும் இதே மாதிரி ஒரு அவசரத் தீர்ப்பு இருக்கு. காட்டுத்தீன்னாலே ஆதிவாசி வெச்சதுன்னு நியூஸ்ல வந்துடும். சத்தியமங்கலத்துக்கு அந்தாண்ட, கர்நாடகாவுல இருக்கற பி.ஆர். மலைல சோளகர்கள்ங்கற பழங்குடிகள் "தரகு பெங்கி"ன்னு ஒண்ணு சொல்வாங்க, சருகுத் தீ. வெயில் முத்தறதுக்கு முன்னாடி, சருகு மட்டும் எரிஞ்சு போற அளவுக்குச் சின்னதா வெக்கறது. 1974ல அது சரணாலயமான பிறகு அதெல்லாம் நின்னு போச்சு. தீ நின்னதும்தான் உண்ணிச்செடி ஏறுச்சு, நெல்லி மரத்துல புல்லுருவி புடிச்சுதுன்னு சோளகர்கள் பல வருஷமா சொல்றாங்க. ஆராய்ச்சிக்காரங்க 1997லயும் 2008லயும் அதே காட்டை அளந்து பாத்தப்போ உண்ணிச்செடி இருந்த எடம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிருந்துச்சு. இதுக்குத் தீ நின்னது மட்டுமே காரணம்னு நான் சொல்ல வரல, மேய்ச்சலு, மழைன்னு நிறைய இருக்கு. ஆனா இதைப் படிச்சுட்டு "அப்போ பத்த வெச்சா சரியாயிடும்"னு எழுதறதும் இன்னொரு தப்பு, இப்போ ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி காஞ்சு நிக்குது, அதுல வெக்கற தீ சருகுத் தீயா இருக்காது, மரத்து உச்சி வரைக்கும் போகும். இதை சோளகர்களே முதல்ல சொல்வாங்க.

உடம்பு விஷயத்துக்கு வர்றேன். "ஆதிவாசிகளுக்கு ரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரை கொடுங்க"ன்னு கேம்ப் போட்டுட்டுப் போறது ரொம்ப சாதாரணமா நடக்குது. கூடலூர், பந்தலூர், வயநாடு பக்கம் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஊர்கள்ல சிக்கிள் செல் இருக்கு. அது சாப்பாட்டுக் குறையால வர்ற ரத்தசோகை இல்ல, பரம்பரையா வர்றது, சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு சின்ன ரத்தக்குழாய்ல அடைச்சுக்கும், எலும்புக்குள்ள வலி புடிச்சா ஆளு சுருண்டுடுவாங்க. டெஸ்ட் பண்ணாம எல்லாருக்கும் ஒரே மாத்திரையை நீட்டறது வைத்தியம் ஆகாது, இரும்புச்சத்து நிஜமாவே குறைவான்னு பாத்துத்தான் கொடுக்கணும். அந்தப் பாட்டியோட பேத்திக்கு என்னன்னு ரத்தம் எடுத்துப் பாக்காம யாருக்கும் தெரியாது, நர்ஸம்மா அதைத்தான் எடுக்க வரச் சொல்லியிருந்தாங்க.

இதுல க்ளைமேட் எங்க வருதுன்னா, உடம்புல நீர் வத்தினாலும், திடீர்னு குளிர் தாக்கினாலும், அளவுக்கு மீறி உழைச்சாலும் அந்த வலி கிளம்பும். ஊர் ஓடை பிப்ரவரிலயே வத்திடுச்சுன்னா ஒரு பொண்ணு குடத்தோட எவ்வளவு தூரம் வெயில்ல நடக்கணும், அப்புறம் எஸ்டேட் வேலைக்குப் போகணும், அங்க குடிக்க என்ன கிடைக்கும், இதெல்லாம் சேந்துதான் அந்த வலி. இன்னொரு பெரிய தப்பு, கேரியரா இருக்கறவங்களையும், அதாவது அப்பா அம்மால ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் அந்த ஜீன் வந்தவங்களையும், நோயாளின்னு எழுதறது. கேரியருக்கு சாதாரணமா ஒண்ணும் இருக்காது, மலேரியா இருந்த காடுகள்ல அந்த ஒரு ஜீன் உசிரைக் காப்பாத்தியிருக்கு, அதனாலதான் தங்கியிருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேரும் கேரியரா இருந்தா ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு குழந்தைக்கு நோய் வர்றதுக்கு, அவ்வளவுதான் கணக்கு. அதைச் சொல்லாம "உங்க ரத்தமே சரியில்ல"ங்கற மாதிரி பேசிட்டு வந்துடறாங்க, அப்புறம் கல்யாணம் பேசற எடத்துல ஒரு பொண்ணு தன்னோட டெஸ்ட் ரிசல்ட் கார்டை ஒளிச்சு வெக்க வேண்டியதாயிடுது. நீலகிரி ஆதிவாசிகள்கிட்ட சிக்கிள் செல் இருக்குன்னு 1952லயே கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க, நாடு முழுக்கன்னு ஒரு திட்டம் 2023 ஜூலைலதான் வந்துச்சு. நடுவுல 71 வருஷம்.

மூலிகை வீடியோ எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அகத்தியமலைல 1987ல ஆராய்ச்சிக்குப் போனவங்க களைச்சு நின்னப்போ கூட வந்த காணிக்காரங்க, அந்த மலையோட பழங்குடிகள், களைப்பே இல்லாம ஒரு காயை மென்னுட்டு நடந்தாங்க, அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதுல இருந்து ஜீவனின்னு ஒரு மருந்து வந்து, 1995ல ஒரு கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்து, வந்த பணத்துல பாதி காணிக்காரங்களுக்குன்னு முடிவாச்சு, உலகம் பூரா இதை முன்மாதிரின்னு பேசினாங்க. ஆனா அந்தச் செடி வளர்றது காட்டுக்குள்ள, பறிக்கறதுக்கு வனத்துறை அனுமதி வேணும், தேவை ஏற ஏற வெளியாளுங்க வேரோட புடுங்கிட்டுப் போனாங்க, சொன்னவங்களுக்கு மட்டும் பணம் போச்சு மத்த ஊர்களைக் கேக்கலன்னு சண்டையும் வந்துச்சு. இவ்வளவு யோசிச்சுப் பண்ணதுலயே இத்தனை சிக்கல்னா, செடியோட பேரையும் எடத்தையும் போட்டு ரெண்டு நிமிஷ வீடியோவா விட்டா என்ன ஆகும்னு பாத்துக்கோங்க. ஒரு தாத்தா காட்டிட்டாருங்கறது ஊரே சம்மதிச்ச மாதிரி ஆகாது.

"உலக மக்கள்தொகைல 5 சதவீதம் இருக்கற பழங்குடிகள் 80 சதவீதம் பல்லுயிரைக் காப்பாத்தறாங்க"ங்கற வரியை தயவுசெஞ்சு போடாதீங்க. நானும் போட்டிருக்கேன். அதுக்கு ஆதாரமே இல்லைன்னு 2024ல பழங்குடி ஆராய்ச்சியாளர்களும் சேந்தே எழுதிட்டாங்க, பொய்யான நம்பர் ஒருநாள் உடையும்போது உண்மையான உரிமைக் கோரிக்கையும் சேந்து அடி வாங்கும்ங்கறதுதான் அவங்க பயம். எல்லாரையும் ஒரே ஆளாக்கறதும் வேண்டாம், தமிழ்நாட்டுல 37 பழங்குடிகள் பட்டியல்ல இருக்காங்க, தோடர் மேய்ச்சல்காரங்க, கோத்தர் கொல்லு வேலையும் மண்பானையும் செஞ்சவங்க, பணியர் பல தலைமுறையா அடுத்தவன் வயல்ல அடிமைப்பட்டுக் கிடந்தவங்க, இருளர்ல பெரும்பகுதி செங்கல்பட்டு, விழுப்புரம்னு சமவெளில இருக்காங்க, ஏற்காட்டு மலையாளிக்கும் கேரளாவுக்கும் சம்பந்தம் இல்ல.

2006 வன உரிமைச் சட்டத்தை "காட்டைப் பங்கு போட்டுக் கொடுக்கற சட்டம்"னு பேசறதும் தப்பு. 2005 டிசம்பர் 13க்கு முன்னாடியே அனுபவிச்சுட்டு இருக்கற நிலம்தான், அதிகபட்சம் 4 ஹெக்டேர், வாரிசுக்குப் போகும், விக்க முடியாது. அதைவிடப் பெருசு அதுல இருக்கற சமூக உரிமை, தேன், நெல்லி, கடுக்காய் எடுக்கறதும், காட்டைக் காக்கறதும் கிராமசபை முடிவுல வரும். தேன் எடுக்கறதைப் பாத்தா இது ஏன்னு புரியும். எந்தப் பாறை எந்தக் குடும்பத்துக்குன்னு இருக்கு. ராத்திரில கொடியால பின்னின ஏணில ஒருத்தர் பாறைக்குக் கீழ இறங்குவாரு, மேல கயித்தைப் பாத்துக்கறது பெரும்பாலும் அவரு மச்சான், கூடப் பொறந்தவ தாலியை அறுக்கற வேலையை அவன் பண்ண மாட்டான்ங்கற நம்பிக்கை. எந்த மரம் எப்ப பூத்துச்சு, கூடு இந்த வருஷம் ஏன் லேட்டுன்னு அந்தக் குடும்பம் வருஷா வருஷம் கணக்கு வெச்சிருக்கும். பாறைக்குப் போற உரிமை போச்சுன்னா அந்தக் கணக்கும் போச்சு, அப்புறம் நீங்க க்ளைமேட் பத்திக் கேட்டு என்ன கிடைக்கும்.

கடைசியா, எழுதினதைத் திரும்ப ஊருக்குக் கொண்டு போய்ப் படிச்சுக் காட்டாம விடாதீங்க. நாங்க ஒரு தடவை அப்படிப் படிச்சப்போ பின்னாடி உக்காந்திருந்த ஒருத்தரு எந்திரிச்சு, கிழங்கு ஆறு வகைன்னு போட்டிருக்கீங்க, இன்னும் ரெண்டு இருக்கு எழுதிக்கோங்கன்னு பேர் சொன்னாரு. எழுதிக்கிட்டோம். அதுல ஒரு பேரை மட்டும் வெளில போட வேண்டாம்னாரு. போடல.