சபையும் தொண்டர் குழுவும்: கூட்டுப்பணியை மதிப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ உள்ள ஒரு கிறிஸ்தவச் சபை, வெளியூர்த் தொண்டர் குழு ஒன்றோடு சில ஆண்டுகள் சேர்ந்து பணியாற்றிய பின் இந்த உறவைத் தொடரலாமா என்று ஆராய முற்படும்போது, வந்தவர்களுக்கு மட்டும் மதிப்பெண் போடுவதே முதல் தவறு. கூட்டுப்பணியில் சபைக்கும் பொறுப்பு உண்டு. தொண்டர்கள் வெட்டிய வடிகால் மறு ஆண்டே தூர்ந்திருந்தால், அதைப் பேணச் சபையில் யார் பொறுப்பேற்றார் என்பதும் ஆய்வுக்குரிய கேள்விதான்.

அடுத்தது, உழைத்த நேரத்தைப் பலனாக எண்ணுவது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அது அவர் கல்லூரிக்குக் காட்ட வேண்டிய கணக்கு. ஊருக்குக் கிடைத்த நன்மையின் அளவு அன்று.

மலைநாட்டில் எப்போது பார்க்கிறோம் என்பதும் முக்கியம். மே மாத முகாம் முடிந்த வாரமே பார்வையிட்டால் தடுப்புச் சுவரும் வடிகாலும் அழகாகத்தான் இருக்கும். அவற்றின் தரம் தெரிவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில். 2009 நவம்பரில் அந்த மழையால் ஏற்பட்ட மண்சரிவுகள் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. நட்ட கன்றுகளையும் டிசம்பர், ஜனவரி உறைபனி கழிந்து, மார்ச்சில் எண்ணுவதே சரி.

யாரைக் கேட்பது என்பதில்தான் மிகுதியான பிழைகள் நேர்கின்றன. ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்பவர்களிடம் கருத்துக் கேட்டால், சபையாரின் திருப்தி தெரியும். பணி யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்கள் பெரும்பாலும் அந்த வாசலுக்கு வருவதில்லை. வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால், தேயிலை பறிக்கும் பெண்கள் அன்றைய கூலியை இழந்துதான் வர முடியும். ஆகவே மாலையில் அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயன் வீடுகளுக்கு நாம்தான் செல்ல வேண்டும். கூடலூர்ப் பக்கம் பணியர் பழங்குடியினரின் குடியிருப்புகளில் தமிழ்ப் படிவத்தை நீட்டுவதில் பொருளில்லை. அவர்கள் மொழி அறிந்த ஒருவர் உடன் வர வேண்டும். ஆயரோ தொண்டர் அமைப்பின் ஒருங்கிணைப்பாளரோ உடன் நின்றால் “நல்லா செஞ்சாங்க ஐயா” என்ற ஒரே பதில்தான் எல்லா வீட்டிலும் கிடைக்கும். அது விருந்தினருக்குக் காட்டும் மரியாதை, மதிப்பீடாகாது. “திரும்ப வந்தால் எதைச் செய்ய வேண்டாம் என்பீர்கள்?” என்று கேட்டுப் பார்த்தால் பேச்சு மாறுவதைக் காணலாம்.

முறையீடுகளைச் சபைக்குழுவுக்குள்ளேயே பேசி முடிப்பது மிகப் பெரிய தவறு. விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரு குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததாகத் தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சபையின் பெயர் கெடும் என்பது காரணமாகாது. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் ஊதியமின்றிப் பணியாற்றும் தொண்டர்களை உள்ளடக்கியதே. வெளிநாட்டுக் குழு விடைபெறும்போது உறையில் வைத்துத் தரும் தொகையைச் சாதாரணக் காணிக்கையாக வரவு வைப்பதும் ஆபத்தானது; அது 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் வரும் என்பதால், பெறுவதற்கு முன்பே சபைகளை நிர்வகிக்கும் திருமண்டல அலுவலகத்தைக் கேட்டுவிட வேண்டும்.

அறிக்கையை நிறைவேற்றும் முன், கருத்துச் சொன்ன வீடுகளில் அதை வாசித்துக் காட்டாமல் விடுவதும் தவறு. நான் அங்கம் வகித்த ஒரு குழுவில் அப்படி வாசித்தபோதுதான், ‘பழுது நீக்கப்பட்டது’ என்று நாங்கள் எழுதியிருந்த குடிநீர்க் குழாயில் மூன்று மாதமாகத் தண்ணீர் வரவில்லை என்பதை அறிந்தோம்.