கிட்டுக்கு எஸ்எஸ்எச்: ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சாவி

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியை, மறையாக்கம் செய்த எஸ்எஸ்எச் இணைப்பில் இயங்க வைப்பதுதான் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளோடு முதல் நாள் நான் உட்கார்ந்து செய்துகொடுக்கும் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறவர்கள் வெள்ளவத்தையில் அனெக்ஸ் எடுத்து, நாலைந்து பேர் ஒரே ரவுட்டரில் வேலை செய்கிறார்கள். சிலர் பாதி நாள் காலி வீதிக் கோப்பிக் கடை வைஃபையில். நடுவில் யார் இருக்கிறார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. எஸ்எஸ்எச் பிறந்ததே அப்படியொரு வலையில்தான். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருட, அங்கிருந்த டாட்டு யூலோனென் அதை எழுதினார்.

வலைத்தளங்களைத் திறக்கப் பயன்படும் எச்டிடிபிஎஸ் வழியும் பாதுகாப்பானதுதான். ஆனால் நம் கிட் களஞ்சியங்களை (நிரல் கோப்புறைகளை) இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளம் 2021 ஆகஸ்ட் 13 முதல் அந்த வழியில் கடவுச்சொல்லை ஏற்பதில்லை, டோக்கன் என்ற நீண்ட ரகசிய எழுத்து வரிசையைக் கேட்கும். அந்த டோக்கனை வாட்ஸ்அப்பில் தங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். எஸ்எஸ்எச்சில் அப்படி எதையும் எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை.

முதலில் சாவி. விண்டோஸ் என்றால் கிட்டோடு வரும் 'கிட் பாஷ்' என்ற கட்டளைச் சாளரத்தையும், மற்றவற்றில் டெர்மினலையும் திறந்து 'எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519' கட்டளையைக் கொடுங்கள்; ஈடி25519 என்பது சாவியின் வகை. எங்கே சேமிப்பது என்று கேட்கும்; என்டர் போதும். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு சாவி இருப்பதாகச் சொல்லி, மேலெழுதவா என்று கேட்டால் நிறுத்திவிடுங்கள். பழைய சாவி போனால் திரும்பாது. அடுத்து பாஸ்ஃபிரேஸ், அதாவது சாவியைக் காக்கும் கடவுச்சொல், கேட்கும். இதை வெறுமையாக விடவே வேண்டாம். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, அது சரிதான். ஒவ்வொரு முறையும் தட்டச் சலிப்பாக இருந்தால் எஸ்எஸ்எச்-ஏஜென்ட் என்ற துணை நிரல் நினைவில் வைத்துக்கொள்ளும்.

இப்போது '.எஸ்எஸ்எச்' என்ற மறைந்த கோப்புறையில் இரண்டு கோப்புகள் இருக்கும். '.பப்' என்று முடிவது பூட்டு மாதிரி, யாருக்கும் கொடுக்கலாம். மற்றது சாவி. அது அந்தக் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது: பென்டிரைவில் வேண்டாம், மின்னஞ்சலில் வேண்டாம், நண்பருக்கும் வேண்டாம். வீட்டில் இன்னொரு கணினி இருந்தால் அதில் புதிதாக ஒன்று உருவாக்குங்கள்.

'.பப்' கோப்பில் இருக்கும் ஒற்றை வரியை முழுதாகப் பிரதியெடுத்து, கிட்ஹப் அமைப்புகளில் எஸ்எஸ்எச் சாவிகள் பகுதியில் ஒட்டுங்கள் (அங்கே இந்தப் பூட்டையும் சாவி என்றே சொல்வார்கள்). தலைப்பில் 'அலுவலக லப்டொப்', 'அனெக்ஸ் டெஸ்க்டொப்' என்று எழுதுங்கள். இந்தப் பெயர் பின்னால் உதவும்.

அப்புறம் சோதனை: 'எஸ்எஸ்எச் -டீ கிட்@கிட்ஹப்.காம்'. அந்த டீ பெரிய எழுத்து. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். திரையில் சேவையகத்தின் கைரேகை, அதாவது அதன் சாவியை அடையாளம் காட்டும் ஒரு நீண்ட எழுத்து வரிசை, வந்து, தொடரவா என்று கேட்கும். "அக்கா, இதுக்கு யெஸ் குடுக்கவா?" என்று கேட்கிற பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. கேட்காமல் கொடுப்பவர்கள்தான் அதிகம். மறுமுனையில் இருப்பது உண்மையான சேவையகம்தானா என்று நீங்கள் பார்க்கும் ஒரே தருணம் இது. கிட்ஹப் தன் கைரேகைகளைத் தன் ஆவணப் பக்கத்தில் போட்டிருக்கிறது. அங்கிருந்து ஈடி25519 வரிசையை எடுத்து, யெஸ் என்பதற்குப் பதிலாக அதையே ஒட்டுங்கள். பொருந்தினால் மட்டும் இணைப்பு தொடரும். அலுவலகத்தின் சொந்தச் சேவையகம் என்றால், அதைப் பார்த்துக்கொள்பவரிடம் நேரில் கேட்டு ஒப்பிடுங்கள்.

பின்னொரு நாள் சேவையகத்தின் அடையாளம் மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்தாலும் இதே நிதானம் வேண்டும். 2023 மார்ச்சில் கிட்ஹப் சேவையகத்தின் ஆர்எஸ்ஏ வகைச் சாவி ஒரு பொதுக் களஞ்சியத்தில் வெளியாகி, அவர்கள் அதை மாற்றினார்கள். அன்று அந்த எச்சரிக்கை நியாயமானது. அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழைய பதிவை 'எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர் கிட்ஹப்.காம்' கொண்டு நீக்க வேண்டும். இங்கேயும் ஆர் பெரிய எழுத்து.

உங்கள் பெயரைச் சொல்லி வணக்கம் வந்தால் வேலை முடிந்தது. ஷெல் (சேவையகத்தில் கட்டளை கொடுக்கும்) வசதி இல்லை என்று கூடவே வருவதைக் கண்டு பதற வேண்டாம். ஏற்கெனவே எச்டிடிபிஎஸ்ஸில் எடுத்த களஞ்சியத்துக்கு 'கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஒரிஜின்' என்று கொடுத்து, பின்னால் எஸ்எஸ்எச் முகவரியை ஒட்டுங்கள்.

சில அலுவலக, விடுதி வலைகளில் எஸ்எஸ்எச் போகும் வாசலான 22ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள். பதிலே இல்லாமல் இணைப்பு தொங்கும். அப்போது '.எஸ்எஸ்எச்' கோப்புறையின் 'கொன்ஃபிக்' கோப்பில் கிட்ஹப்.காமுக்கு ஹோஸ்ட்நேம் 'எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம்', போர்ட் 443, யூசர் 'கிட்' என்று எழுதினால் இணைப்பு கிடைத்துவிடும். கைரேகைக் கேள்வி மறுபடி வரும். மறுபடியும் ஒப்பிடுங்கள்.

லப்டொப் பஸ்ஸில் தொலைந்தாலோ, திருத்தக் கொடுத்தாலோ, அமைப்புகளுக்குப் போய் அந்தத் தலைப்புள்ள சாவியை மட்டும் அழியுங்கள். மற்றக் கணினிகளில் வேலை அப்படியே நடக்கும்.