சிறிய வானொலிக்கு நீளமான கம்பி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையடக்கச் சிற்றலை வானொலி வாங்கியவர்களில் பலர், 30 மீட்டர் செம்புக் கம்பியை மொட்டை மாடியில் இழுத்துக் கட்டி, அதன் நுனியை வானொலியின் குச்சி ஆன்டெனாவில் மாட்டிவிடுகிறார்கள். கம்பி நீள நீள நிலையங்கள் பெருகும் என்ற நம்பிக்கைதான் முதல் தவறு. இவ்வகை வானொலிகளின் உள்ளீட்டுச் சுற்று, ஒரு மீட்டருக்கும் குறைவான அந்தக் குச்சி தரும் மெல்லிய அலைகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. பல மடங்கு வலுவான அலைகள் வந்து சேரும்போது அது திணறி, இல்லாத நிலையங்களையெல்லாம் காட்டத் தொடங்கும். பிடிக்கும் அலையை வானொலி தனக்குள் மாற்றிக்கொள்ளும் நிலையான அலைவரிசையை இடைநிலை அலைவரிசை என்பார்கள். அது 455 கிலோஹெர்ட்ஸாக உள்ள எளிய வானொலியில், 11,800 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் வலுவான நிலையம், அதன் இரு மடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி 10,890-இலும் கேட்கும். புதிய நிலையம் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து குறித்துக்கொள்பவர்களும் உண்டு. இத்தகைய வானொலிக்கு 5 முதல் 7 மீட்டர் வரையிலான கம்பியே பெரும்பாலும் போதும். அப்போதும் நிலையங்கள் ஒன்றோடொன்று குழம்பினால், உள்ளே வரும் அலையின் வலுவைக் குறைக்க உதவும் 'டிஎக்ஸ் - லோக்கல்' என்ற விசையை 'லோக்கல்' பக்கம் தள்ளிப் பாருங்கள்.

நீளத்தைவிட முக்கியமானது, கம்பி செல்லும் வழி. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எல்.இ.டி. விளக்கு, செல்பேசி சார்ஜர், மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் ஆகியவை எழுப்பும் இரைச்சல் வீட்டு மின்கம்பிகள் வழியே பரவுவதால், சுவரை ஒட்டி அறைக்குள் ஓடும் ஆன்டெனா நிலையத்தோடு சேர்த்து அந்த இரைச்சலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. ஒலி கூடியிருக்கும், பேச்சு மட்டும் புரியாது. வானொலியை பேட்டரியில் இயக்கி, 9,400-க்கும் 9,900 கிலோஹெர்ட்ஸுக்கும் இடையில் மெலிதாகக் கேட்கும் ஒரு நிலையத்தில் வைத்துவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை (இன்வெர்ட்டர் இருந்தால் அதையும்) ஒருமுறை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால், நீங்கள் மாற்ற வேண்டியது கம்பியின் இடத்தைத்தான். ஜன்னலுக்கு வெளியே, சுவரை விட்டு விலகி, நைலான் கயிற்றில் தொங்கும் சிறு கம்பி, வீட்டுக்குள் வளைந்து வளைந்து ஓடும் நீளமான கம்பியைவிட எவ்வளவோ மேல் என்பது என் அனுபவம்.

மோட்டார் காயில் சுற்றும் எனாமல் கம்பியைப் பயன்படுத்துபவர்கள், நுனியைச் சுரண்டாமல் கிளிப்பை மாட்டுவதும் வழக்கமான பிழை. செம்பு நிறத்திலேயே மின்னும் அந்தப் பூச்சு மின்கடத்தாப் பொருள். பிளேடால் இரண்டு சென்டிமீட்டர் சுரண்டி, வெளிர்ந்த உலோகம் தெரிந்த பிறகே இணைக்க வேண்டும். மத்திய அலைக்குப் பெரும்பாலான வானொலிகள் உள்ளிருக்கும் ஆன்டெனாவான ஃபெரைட் தண்டையே நம்பியிருப்பதால், குச்சியில் மாட்டும் கம்பியால் அங்கே பயன் கிட்டாது.

உயிருக்கு ஆபத்தான தவறுகளும் உண்டு. தெருவில் செல்லும் மின்கம்பிக்கு மேலாகவோ, அறுந்தால் அதன்மீது விழக்கூடிய தொலைவிலோ ஆன்டெனாவை ஒருபோதும் கட்டக் கூடாது. 'எர்த்' வேண்டுமென்று சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டின் மூன்றாவது துளையில் கம்பியைச் செருகுவதும் அதே அளவு ஆபத்தானது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி இல்லாமலே, காற்றிலும் மழையிலும் கம்பியில் தேங்கும் நிலைமின்சாரம் உள்ளீட்டு டிரான்சிஸ்டரைக் கருக்கிவிடக்கூடும். கேட்டு முடித்ததும் கம்பியைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். தொலைவில் மின்னல் வெட்டும்போது வானொலியில் 'பட் பட்' என்று வெடிப்பொலி கேட்கத் தொடங்கும். அப்போது கம்பியைத் தொடாதீர்கள். அந்த ஒலி கேட்கும் முன்பே கம்பி கழற்றப்பட்டிருக்க வேண்டும்.