கப்பன் பார்க்கில் காதைத் தீட்டிக்கொள்ள ஒரு வழி

பெங்களூரில் ஹாரன் சத்தத்தைத் தவிர வேறென்ன கேட்கும் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இது. ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பார்க்குக்குள் வண்டிகளை விடுவதில்லை, அன்றைக்கு விடிந்ததும் போய், வாக்கிங் கூட்டத்தை விட்டு (அல்சூரிலிருந்து வரும் நம்மவர்கள் சத்தமாக அரசியல் பேசிக்கொண்டே சுற்றுவார்கள், தப்பில்லை, ஆனால் தள்ளியே இருங்கள்) மூங்கில் புதர் ஓரமாக உட்காருங்கள். போன் சைலன்ட்டில் இருக்கட்டும். கண்ணை மூடி, முதலில் விடாமல் கேட்கும் ஒலி எது என்று பிடியுங்கள், பெரும்பாலும் வெளியே ரோட்டின் இரைச்சல்தான், அதை ஒதுக்கிவிட்டால் மூங்கில்கள் உரசிக் கிறீச்சிடுவதும் சருகில் அணில் ஓடுவதும் தானாக மேலே வரும்.

உள்ளங்கைகளைக் காதுக்குப் பின்னால் குவித்தால் முன்னாலிருந்து வரும் மெல்லிய கீச்சொலி இன்னும் தெளிவாகும். திசை பிடிபடவில்லையா, தலையை லேசாகத் திருப்புங்கள். ஒலி இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்தும் மூளை திசையைக் கணிக்கிறது, நேர் முன்னாலோ நேர் பின்னாலோ இருந்து வந்தால் அந்த வித்தியாசமே இருக்காது.

செம்புப் பாத்திரம் தட்டுவது மாதிரி ஒரே சீராக 'டொக், டொக்' என்று கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான் என்ற பறவை. தலையைத் திருப்பித் திருப்பிக் கூவுவதால் இடம் மாறிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும், ஏமாறாதீர்கள்.

சரி, பெயர் தெரியாத பறவைக்கு? கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி இலவசம், ஒலியை வைத்தே பெயர் சொல்லும். சில சமயம் தப்பாகவும் சொல்லும்.