சமநிலை வினாக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் உயர்தர மாணவர்களின் இரசாயனவியல் விடைகளைத் திருத்தும்போது, ஆண்டுதோறும் கண்ணிற்படும் வாக்கியம் ஒன்று உண்டு: "தொகுதி, தன்மீது ஏற்படுத்தப்பட்ட மாற்றத்தை இல்லாமற் செய்யும்." 1884இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் லே சற்றலியே முன்வைத்த தத்துவம் அப்படிச் சொல்லவில்லை. முன்னும் பின்னும் நிகழும் தாக்கங்கள் ஒரே வேகத்தில் நடக்கும் சமநிலையில் உள்ள தொகுதியில் மாற்றம் ஏற்படுத்தினால், அம்மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் சமநிலை நகரும் என்பதே அது. குறைப்பது வேறு, இல்லாமற் செய்வது வேறு.

கபில நிற நைதரசன் ஈரொட்சைட்டின் இரண்டு மூல் (மூல் என்பது துணிக்கைகளை எண்ணும் அலகு) சேர்ந்தால் நிறமற்ற இருநைதரசன் நாலொட்சைட்டு ஒரு மூல் உண்டாகும். இச்சமநிலைக் கலவையை வாய் அடைத்த கண்ணாடிச் சிரிஞ்சியில் வைத்து, முசலத்தை விரைந்து அழுத்திக் கனவளவைப் பாதியாக்கினால், பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நிறம் சட்டெனக் கடுமையாகும்; அதே வாயு பாதி இடத்துக்குள் நெருக்கப்பட்டதே காரணம். பிறகு மூல் எண்ணிக்கை குறைந்த பக்கத்துக்குச் சமநிலை நகர, நிறம் சற்று வெளுக்கும். ஆயினும் வெளுத்த பின்னரும் அது அழுத்துவதற்கு முன்பிருந்ததைவிடக் கடுமையாகவே இருக்கும். "நிறம் குறையும்" என்று மட்டும் எழுதும் மாணவர், எதனோடு ஒப்பிட்டுக் குறைகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

முழுதாக ஈடுசெய்யப்படும் நிலைமையும் உண்டு. மூடிய பாத்திரத்தில் நீரும் அதன் ஆவியும் மட்டும் இருக்க, 30 பாகை செல்சியசில் ஆவியமுக்கம் ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் இரசமாகும். கனவளவைக் குறைத்தால், ஆவி ஒடுங்கி அமுக்கம் மீண்டும் அதே பெறுமானத்துக்கு வந்து நிற்கும். ஏனெனில் இங்கு சமநிலை அமுக்கம் வெப்பநிலையில் மட்டுமே தங்கியுள்ளது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்காதவர்களே ஒன்றின் விதியை மற்றதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள்.

வெப்பநிலை பற்றிய தவறு இன்னும் ஆழமானது. செறிவையோ அமுக்கத்தையோ மாற்றும்போது சமநிலை மாறிலி (சமநிலையில் விளைபொருள், தாக்கிகளின் செறிவு விகிதத்தைக் காட்டும் எண்) மாறுவதில்லை. வெப்பநிலை மாறும்போதுதான் மாறுகிறது. அமோனியா உண்டாகும் தாக்கம் வெப்பத்தை வெளிவிடும் புறவெப்பத் தாக்கம் என்பதால், வெப்பநிலையைக் கூட்டினால் முன்முகத் தாக்கத்தின் வேகம் குறையும் எனப் பலர் எழுதுகின்றனர். உண்மையில் இரு திசை வேகங்களும் கூடும். வெப்பத்தை உறிஞ்சும் அகவெப்பத் திசையின் வேகம் கூடுதலாக உயர்வதால்தான் சமநிலை பின்னோக்கி நகர்கிறது. அமோனியாவைத் தொழில்முறையில் தயாரிக்கும் ஏபர் முறையில் 450 பாகை அளவிலான வெப்பநிலை தெரிவுசெய்யப்படுவது, கிடைக்கும் அமோனியாவில் ஓரளவை இழந்து வேகத்தைப் பெறுவதற்காகவே. இரும்பு ஊக்கி சமநிலையை விரைவில் அடையச் செய்யுமேயன்றி அமோனியாவின் சமநிலை அளவைக் கூட்டாது.

ஆகன் போன்ற, தாக்கத்தில் பங்குபெறாத சடத்துவ வாயுவைச் சேர்க்கும் வினாவில், கனவளவு மாறாதிருக்கிறதா, மொத்த அமுக்கம் மாறாதிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கனவளவு மாறாவிடின் பகுதியமுக்கங்கள் (தாக்கும் ஒவ்வொரு வாயுவும் தனித்துத் தரும் அமுக்கங்கள்) மாறா, நகர்வும் இல்லை. மொத்த அமுக்கம் மாறாவிடின் கனவளவு பெருத்து, வாயு மூல்கள் கூடிய பக்கத்துக்கு நகர்வு ஏற்படும்.

நமக்கு அருகிலுள்ள நிலாவெளி உப்பளத்தை உதாரணமாகத் தரும் விடைகளிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் உப்பு விளைவதைக் கண்டு, "வெப்பத்தால் உப்பின் கரைதிறன் குறைகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். 100 கிராம் நீரில் 25 பாகையில் ஏறத்தாழ 36 கிராம் உப்பும், 100 பாகையில் ஏறத்தாழ 39 கிராமும் கரையும்; கரைதிறன் சிறிது கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. திறந்த பாத்தியிலிருந்து நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருப்பதால்தான், எஞ்சிய நீர் தாங்க முடியாத உப்பு படிகிறது.

நிரம்பிய உப்புக் கரைசலில் இன்னும் ஒரு பிடி உப்பைப் போட்டாலும் சமநிலை அசையாது. திண்மத்தின் அளவு சமநிலை மாறிலிக்குள் வருவதில்லை. அதே தெளிந்த கரைசலினுள் செறிந்த ஐதரோக்குளோரிக்கமிலத்தைத் துளித்துளியாக விட்டுப் பாருங்கள்: குளோரைட்டு அயன் செறிவு ஏற, சோதனைக் குழாயின் அடியில் வெண்ணிறப் பளிங்குகள் படியத் தொடங்கும்.