குற்றத்துக்கு பாவிச்ச துவக்கு எங்கருந்து வந்தது? ஆர்டிஐ போட்டு கேக்கிறது எப்பிடி

ஒரு சூட்டுச் சம்பவம் நடந்தா அடுத்த நாள் பேப்பர்ல யார் செத்தது, எங்க, எத்தின மணிக்கு எண்டு எல்லாம் வந்துரும், சுட்டது யார் எண்டும் கொஞ்ச நாள்ல பேர் அடிபடும். ஆனா அந்தத் துவக்கு முதல்ல யாற்ற கையில இருந்தது, எப்பிடி கை மாறி வந்தது எண்டு அநேகமா ஒருத்தரும் எழுதுறதில்ல. தெரிஞ்ச அளவு விஷயம் பொலிஸ் பைல்லயும் துவக்கு, சன்னம் எல்லாம் பரிசோதிக்கிற அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துட அறிக்கையிலயும் இருக்கும். அதை எண்ணிக்கையா கேட்டு வாங்குற உரிமை எங்களுக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல இருக்கு, ஆர்டிஐ எண்டு சொல்றது இதத்தான். திருகோணமலைக்காரர மனசில வச்சு எழுதுறன், வேற மாவட்டம் எண்டாலும் வழி இதேதான்.

எங்கட ஊருக்கு இது ஏன் முக்கியம் எண்டு கேட்டா, 2006 ஜனவரி 2 கடற்கரையில அஞ்சு மாணவர் செத்தப்போ முதல்ல சொன்ன கதை அவங்கட கையில இருந்த குண்டே வெடிச்சது எண்டுதான். கிட்ட வச்சு சுட்ட காயம் எண்டு ஊருக்கு காட்டினது சுடர் ஒளி பத்திரிகை நிருபர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாசம் 24ஆம் திகதி அவரையும் சுட்டுட்டாங்க. அந்த மாணவர் வழக்கில இருந்த 13 பேரும் 2019 ஜூலையில சாட்சி போதாது எண்டு விடுவிக்கப்பட்டாங்க. மூதூர்ல 2006 ஓகஸ்ட்ல 17 தொண்டு நிறுவன ஊழியர் கொல்லப்பட்ட விஷயத்துலயும் எடுத்த சன்னம் (துவக்குக் குண்டு) ஒண்டு 5.56 மில்லிமீற்றரா 7.62ஆ எண்டு பெரிய சர்ச்சையே நடந்தது, ஏனெண்டா சன்னத்துட அளவு தெரிஞ்சா எந்த வகைத் துவக்கு, அதை யார் பாவிக்கிறது எண்டு கேள்வி போகும். துவக்குப் பதிவு வெளியில இல்லாத இடத்துல யார் முதல்ல கதை சொல்றாங்களோ அதுதான் நிக்கும், அதை நாங்க இங்க அனுபவிச்சாச்சு.

இப்ப நிலைமை வேற, பாதாளக் குழுக்கள்ட சூடுதான் கூட. 2025 பெப்ரவரி 19 கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளயே ஒருத்தர சுட்டாங்க, புத்தகத்துக்குள்ள வெட்டி ஒளிச்சு கொண்டு போன ரிவோல்வரால. ஒரு இராணுவ முகாமிலருந்து மட்டும் 73 ரி-56 துவக்கு (படைகள் பாவிக்கிற தானியங்கி வகை) பாதாளக் குழுக்களுக்கு போயிருக்கு எண்டு அந்த நேரம் சனாதிபதியே பாராளுமன்றத்துல சொன்னவர். சொன்னது நல்லம், ஆனா அது ஒரு முகாம் கணக்கு. மற்றது?

முதல்ல அமெரிக்காவில இது எப்பிடி போகுது எண்டு ஒருக்கா பாருங்க, அதிலருந்துதான் என்ன கேக்கோணும் எண்டு விளங்கும். அங்க ஏடிஎஃப் எண்ட, துவக்கு விஷயங்கள பாக்கிற மத்திய அரசாங்க அமைப்பு மேற்கு வேர்ஜீனியாவில மார்ட்டின்ஸ்பர்க் எண்ட இடத்துல துவக்கு தேடுற நிலையம் வச்சிருக்கு. சீரியல் நம்பர குடுத்தா செஞ்ச கொம்பனி, மொத்த வியாபாரி, லைசன்ஸ் உள்ள கடை, கடையில முதல் வாங்கின ஆள் எண்டு வரிசையா போவாங்க. அங்க முழு நாட்டுக்கும் ஒரே துவக்குப் பதிவேடு வச்சிருக்க 1986 சட்டம் விடாது, அதால போன் எடுத்தும் மூடின கடைகள்ட பழைய கடதாசிய புரட்டியும்தான் தேடுறாங்க, வருஷத்துக்கு 6 இலட்சத்துக்கு மேல இப்பிடி கேள்வி வருது. இதுல வாற டேட்டாட பலத்த 2000ல ஏடிஎஃப் வெளியிட்ட ஒரு அறிக்கை காட்டினது, குற்றத்துல பிடிபட்டு கடை வரைக்கும் போய் சேந்த துவக்குகள்ல 57 வீதம் வெறும் 1.2 வீதமான கடைகளிலருந்துதான் போயிருக்கு. இப்பிடி ஒண்டு சனத்துக்கு தெரிஞ்சா அடுத்த கேள்வி தானா வரும். 2003ல டொட் டியாஹார்ட் எண்ட காங்கிரஸ் உறுப்பினர் பட்ஜட் சட்டத்துக்குள்ள ஒரு பந்திய சேத்து இந்த ட்ரேஸ் டேட்டாவ (துவக்க தேடிப் போய் கிடைச்ச விபரத்த) வெளியில குடுக்கிறத கட்டிப் போட்டவர். பிறகு கொஞ்சம் தளர்த்தி, மாநில வாரியா கூட்டின எண்ணிக்கைய இப்ப வருஷா வருஷம் ஏடிஎஃப் போடுது.

அங்க நடந்த ஒரு வழக்க மட்டும் கவனமா பாருங்க. குற்றத்துல பிடிபட்ட துவக்குல எத்தின முந்தி பொலிஸ்ட துவக்கா இருந்தது, வருஷ வாரியா எண்ணிக்கை மட்டும் தாங்க எண்டு புலனாய்வு செய்தி நிறுவனம் ஒண்டு கேட்டது. ஏடிஎஃப் இல்லையெண்டு சொன்னதால அந்த நிறுவனம் கோர்ட்டுக்கு போய், 2020 டிசம்பர்ல ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் டியாஹார்ட் சேத்த அந்தப் பந்தி எண்ணிக்கை குடுக்கிறத தடுக்காது எண்டு தீர்ப்பு சொன்னது (வேற ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு வழக்கில ஏடிஎஃப் பக்கம் நிண்டது, அதால அங்க இழுபறி முடியேல்ல). இதிலருந்து எடுக்கிறது ஒண்டுதான், பேர் கேக்காதீங்க, தொகைய கேளுங்க. ஒரு ஆள்ட பேர், ஒரு கேஸ் நம்பர், ஒரு சீரியல் நம்பர் எண்டு கேட்டா தனிப்பட்ட விபரம், விசாரணை பாதிக்கும் எண்டு மறுக்க இடம் குடுத்தாச்சு. வருஷம், பிரிவு, வகை எண்டு தொகை கேட்டா மறுக்கிற காரணம் தேடுறது அவங்களுக்கு கஷ்டம்.

சரி, எங்கட சட்டம். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3இலருந்து நடைமுறையில இருக்கு. இந்தியாவில சில பாதுகாப்பு அமைப்புகள சட்டத்துட பட்டியல்லயே வெளியில விட்டிருக்காங்க, எங்கட சட்டத்துல அப்பிடி பட்டியல் இல்ல, பொலிஸ், இராணுவம், பாதுகாப்பு அமைச்சு எல்லாத்தயும் கேக்கலாம். பிரஜையா இருந்தா போதும். ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல, கேட்டா சட்டத்துல அப்பிடி இல்லையெண்டு மரியாதையா சொல்லுங்க. தமிழ்லயே எழுதலாம், எழுத ஏலாத ஆள் வாயால சொன்னா தகவல் அலுவலர்தான் (அந்த அலுவலகத்துல ஆர்டிஐ பாக்கிறவர்) எழுதி எடுக்கோணும், இத வயசானவங்களுக்கு கட்டாயம் சொல்லிக் குடுங்க.

கேக்க முதல் வெளியில ஏற்கனவே இருக்கிறத எடுங்க. பொலிஸ் இணையத்தளத்துல பாரதூரமான குற்றங்கள்ட புள்ளிவிபரம் போடுறாங்க, திணைக்களங்கள்ட வருடாந்த செயலாற்றுகை அறிக்கை பாராளுமன்ற இணையத்தளத்துல இருக்கு, அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துடயும் அங்க தேடுங்க. இதுல மொத்தக் கணக்கு கிடைக்கும். இத பாத்துட்டு அதுல இல்லாதத மட்டும் கேட்டா உங்கட கடிதம் சின்னதா, குறியா இருக்கும்.

அடுத்தது யாரிட்ட கேக்கிறது, இதுலதான் அநேகம் பேர் சிக்குப்படுற. ஒரே கடிதத்த எல்லாருக்கும் போடாதீங்க, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு இடத்துல இருக்கு. பிடிபட்ட துவக்கு எத்தின எண்டது பொலிஸிட்ட. எத்தின துவக்கு பரிசோதனைக்கு வந்தது, எத்தினைக்கு அறிக்கை போனது எண்டது அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்திட்ட. தம்பலகாமம், வெருகல், மூதூர் பக்கம் யானையும் பன்றியும் வயலுக்குள்ள வாறதுக்கு விவசாயிகள் லைசன்ஸ் எடுத்து வச்சிருக்கிற துவக்குக் கணக்கு கச்சேரியிலயும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துலயும் (1916ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்துக்கு கீழ வாறது, வருஷா வருஷம் புதுப்பிக்கோணும்). ஆள் பாதுகாப்புக்கு குடுக்கிற துவக்கும் படைகள்ட காணாமப் போன துவக்கும் பாதுகாப்பு அமைச்சிட்ட. தகவல் அலுவலர் யார் எண்டு தெரியாட்டி அந்த அலுவலகத் தலைவருக்கே போடுங்க, அலுவலர நியமிக்காட்டி தலைவர்தான் தகவல் அலுவலர் எண்டு சட்டம் சொல்லுது.

ஆர்டிஐ 01 எண்ட போம் இருக்கு, அது இல்லாம வெள்ளக் கடதாசியில எழுதினாலும் ஏத்துக்கொள்ளோணும். பொலிஸுக்கு எழுதுறது கிட்டத்தட்ட இப்பிடி இருக்கட்டும்:

"2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பின்வரும் தகவல்களைக் கோருகிறேன். 2020 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரை திருகோணமலைப் பொலிஸ் பிரிவில் குற்றச் செயல்கள் தொடர்பாகக் கைப்பற்றப்பட்ட துப்பாக்கிகளின் எண்ணிக்கை, ஆண்டு வாரியாகவும் வகை வாரியாகவும். அவற்றுள் தொடரிலக்கம் உள்ளவை, அழிக்கப்பட்டவை, இல்லாதவை எத்தனை. மூலம் அடையாளம் காணப்பட்டவை எத்தனை, அவற்றுள் அரச படை அல்லது பொலிஸாருக்கு உரியவை, உரிமம் பெற்ற தனியாருக்கு உரியவை, உள்ளூரில் தயாரிக்கப்பட்டவை எத்தனை. அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பப்பட்டவை, அறிக்கை கிடைத்தவை எத்தனை. பெயர்கள், வழக்கு இலக்கங்கள், தொடரிலக்கங்கள் எவையும் கோரப்படவில்லை. இத்தகவல் தொகுக்கப்படாதிருப்பின், இதனைக் கொண்ட பதிவேடுகளையும் மாதாந்த அறிக்கைகளையும் நேரில் பார்வையிட அனுமதிக்கவும்."

கடைசி ரெண்டு வசனத்தயும் விட்டுராதீங்க. "அப்பிடி தொகுத்து வச்சில்ல" எண்டு வாற பதில்தான் ஆக லேசான மறுப்பு, பதிவேட்ட பாக்க விடுங்க எண்டு முதல்லயே எழுதினா அந்தக் கதவு மூடுறது கஷ்டம், ஆவணத்த நேரில பாத்து குறிப்பெடுக்க சட்டத்துல இடம் இருக்கு. வகையயும் விளக்கமா எழுதுங்க, ரி-56, பிஸ்டல், ரிவோல்வர், 12 போர், கல்கட்டாஸ், இடியன் துவக்கு எண்டு தனித்தனியா. கல்கட்டாஸும் இடியனும் ஊர்ல அடிச்சு செய்யிறது, அதுல தொடரிலக்கம் தேடி பிரயோசனம் இல்ல, ரி-56 அப்பிடியில்ல, அது ஒரு அரசாங்கக் களஞ்சியத்திலயோ பழைய யுத்தக் காலப் பதுக்கல்லயோ இருந்து வந்திருக்கோணும். ரெண்டயும் ஒரு தொகையா தந்தா உங்களுக்கு ஒண்டும் விளங்காது.

கையால குடுத்தா கொப்பியில சீலும் திகதியும் வாங்குங்க, கொழும்புக்கு எண்டா ரிஜிஸ்டர் தபால்ல போட்டு துண்ட பத்திரமா வைங்க. கிடைச்சதுக்கு எழுத்தில ஒரு பதில் தரோணும். அதுக்குப் பிறகு 14 வேலை நாளுக்குள்ள தாறமா இல்லையா எண்டு முடிவு சொல்லோணும், பக்கம் கூட, அல்லாட்டி வேற இடத்துல கேக்கோணும் எண்டா இன்னும் 21 நாள் வரைக்கும் நீட்டலாம்.

மறுத்தா பதட்டப்படாதீங்க, என்ன காரணம் எண்டு பிரிவோட எழுதித் தரச் சொல்லுங்க. பொதுவா 5ஆம் பிரிவுதான் வரும், தேசிய பாதுகாப்பு, இல்லாட்டி குற்றத்த தடுக்க, கண்டுபிடிக்க பாரதூரமான பாதிப்பு வரும் எண்டு. அந்தச் சொல்ல நல்லா பாருங்க, பாதிப்பு எண்டு மட்டும் இல்ல, பாரதூரமான பாதிப்பு எண்டிருக்கு. 2021ல 12 போர் எத்தின பிடிபட்டது எண்ட தொகை தெரிஞ்சு எந்த விசாரணை கெட்டுப்போகும்? அதோட 5(4) சொல்லுது, வெளியிடுறதால வாற பொதுநலன் பாதிப்ப விட கூடவா இருந்தா குடுக்கோணும். ஒரு பகுதிய மறைக்க வேண்டியிருந்தா அதை மட்டும் மறைச்சு மிச்சத்த தாங்க எண்டு 6ஆம் பிரிவ காட்டலாம்.

மறுப்பு வந்தாலும் பதிலே வராட்டியும் 14 நாளுக்குள்ள அதே அலுவலகத்துட குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, ஆர்டிஐ 10 போம். அவருக்கு மூண்டு கிழமை. அதுவும் சரிவராட்டி ரெண்டு மாசத்துக்குள்ள கொழும்பில உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. அங்க நீங்க ஏன் வேணும் எண்டு நிரூபிக்கத் தேவையில்ல, சட்டப்படி நடந்தம் எண்டு காட்டுற பொறுப்பு திணைக்களத்துக்குத்தான். திகதிகள ஒரு கொப்பியில எழுதி வைங்க, நாள் கடந்து மேன்முறையீடு விழுந்து போறதுதான் ஆகக் கவலையான விஷயம்.

தனிய ஒரு ஆளா, அதுவும் எங்கட பக்கத்துல இருந்து படைகள்ட துவக்க பற்றி கேக்க பயம் இருக்கும், அது நியாயமான பயம். பிரஜைகள் பெரும்பான்மையா உள்ள சங்கமும் கேக்கலாம், உறுப்பினர்ல முக்கால்வாசிப் பேர் பிரஜையா இருந்தா சரி. விவசாய சங்கம், மாதர் சங்கம் எண்டு சங்கத்துட பேர்ல போடுங்க. யாராவது வீட்ட வந்து விசாரிச்சா திகதி, நேரம் எழுதி வச்சு, திருகோணமலையில மனித உரிமைகள் ஆணைக்குழுட பிராந்திய அலுவலகம் இருக்கு, அங்க முறையிடுங்க.

பதில் கிடைச்சாப் பிறகு வாசிக்கிறதுலயும் கவனம் வேணும். "0" எண்டு வாறதும் வெறும் கோடு வாறதும் ஒண்டில்ல, ஒண்டு இல்லையெண்டு சொல்லுது, மற்றது எண்ணேல்ல எண்டு சொல்லுது, கோடு இருந்தா எதைக் குறிக்குது எண்டு திருப்பி கேளுங்க. பிடிபட்ட துவக்கு கூடினது எண்டா குற்றம் கூடினது எண்டு உடன எழுதிராதீங்க, தேடுதல் கூடினாலும் எண்ணிக்கை கூடும், பொதுமன்னிப்புக் காலத்துல சனம் கொண்டு வந்து குடுத்தாலும் கூடும். நான் முதல்ல பாக்கிறது ரெண்டு இடம்: பரிசோதனைக்கு அனுப்பினதுக்கும் அறிக்கை வந்ததுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம், மூலம் தெரியாது எண்ட கட்டத்துல எத்தின வீதம் கிடக்கு. பொலிஸ் அனுப்பினது 40 எண்டு சொல்லி பகுப்பாய்வாளர் கிடைச்சது 31 எண்டு சொன்னா (உதாரணத்துக்கு சொல்றன்) மிச்சம் 9 எங்க எண்டதுதான் உங்கட அடுத்த கடிதம். அதுக்காகத்தான் ரெண்டு இடத்துக்கும் ஒரே காலப்பகுதி போட்டு, ஒரே வகைப் பேர் போட்டு, ஒரே கிழமையில கேக்கச் சொல்றன்.

பதில் தாள ஸ்கேன் பண்ணி முழுசா ஊருக்கு போடுங்க, உங்கட விலாசத்தயும் ஆக்கள்ட பேர் ஏதும் தவறி வந்திருந்தா அதயும் மறைச்சுட்டு. அடுத்த வருஷம் தை மாசம் அதே கடிதத்துல ஆண்ட மட்டும் மாத்தி அதே இடங்களுக்கு திருப்பி போடுங்க, மூண்டு நாலு வருஷம் அடுக்கினாத்தான் எந்த வகை ஏறுது, எந்த வகை இறங்குது எண்டு பாக்க ஏலும்.