இபிஸாவுக்கு தனியா போய், ஆட்டம் பாட்டம் இல்லாம ஒரு வாரம் தூங்கிட்டு வர்றது எப்படி

ஸ்பெயின்ல பார்ட்டிக்குப் பேர் போன தீவு இபிஸாவுக்குப் போறேன்னு சொன்னதும் டீம்ல ஒரு பையன் "அக்கா, நீங்களா?"ன்னான். அம்மா மொபைல்ல தேடிப் பாத்துட்டு, சோப்பு நுரைக்குள்ள ஆயிரம் பேர் குதிக்கிற வீடியோவை எனக்கே ஃபார்வர்ட் பண்ணி "இங்கதான் ரெஸ்ட் எடுக்கப் போறியா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா இங்க பேர் போன பாச்சா கிளப் 1973லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடியே அறுபதுகள்ல ஹிப்பிங்க ஊர் உலகத்தை விட்டுட்டு சும்மா கிடக்கத்தான் இந்த தீவுக்கு வந்தாங்க, அந்த இபிஸா இன்னமும் வடக்குப் பக்கம் அப்படியே இருக்கு. ரெண்டு வருஷமா நைட் கால்ல உக்காந்து தூக்கம் கெட்டுப்போய், போன அக்டோபர்ல ஏழு ராத்திரி தனியா இருந்துட்டு வந்தேன். நெறைய சொதப்பினேன். நீங்க சொதப்பாம இருக்கத்தான் இது.

விசா, ஃபிளைட் பத்தியெல்லாம் எழுதப்போறதில்ல. ஷெங்கன் விசா எடுக்கத் தெரியாதவங்க யாரும் நேரா இபிஸால ஆரம்பிக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன். சென்னையிலேர்ந்து நேர் ஃபிளைட் கிடையாது, பார்சிலோனா, மாட்ரிட் மாதிரி ஒரு ஊருக்குப் போய் மாறணும். ரெண்டும் தனித்தனி டிக்கெட்டா எடுத்தா நடுவுல அஞ்சு மணி நேரமாவது விடுங்க, பெட்டியை எடுத்து மறுபடியும் போடணும். அவ்ளோதான்.

படி 1: ரூம் தேடுறதுக்கு முன்னாடி மேப்பைப் பாருங்க

தீவு ஒண்ணும் பெருசில்ல, ஒரு கோடியிலேர்ந்து இன்னொரு கோடிக்கு 40 கிலோமீட்டர் சொச்சம். ஆனா சத்தம் மொத்தமும் மூணு நாலு இடத்துலதான். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல இருக்குற பிளாயா டென் போஸா, மேற்குல சான்ட் அன்டோனி, அப்புறம் இபிஸா டவுனோட துறைமுகப் பக்கம். "பீச்சுக்கு ரெண்டு நிமிஷம், ரேட் கம்மி"ன்னு முதல்ல கண்ணுல படுற ஹோட்டல்ல பாதி இந்த இடங்கள்லதான் இருக்கும், விடிகாலை வரைக்கும் கட்டில் அதிரும். நமக்கு வேண்டியது வடக்கும் கிழக்கும்: சான்ட் ஜுவான், சான்ட் யொரென்ஸ், சான்ட் கார்லெஸ், சான்டா எவுலாரியா. நடுவுல சான்டா கெர்ட்ரூடிஸும் பரவால்ல.

பேர்ல ஒரு குழப்பம் இருக்கு. நிறைய ஊருக்கு கத்தலான்ல (அங்கத்த உள்ளூர் மொழி) ஒண்ணு, ஸ்பானிஷ்ல ஒண்ணுன்னு ரெண்டு பேர். டிக்கெட்ல இபிஸான்னு இருக்கும், பஸ்லயும் ரோட்டு போர்டுலயும் எய்விஸ்ஸான்னு எழுதியிருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். அது போக சான்ட் ஜுவான் வடக்கு, சான்ட் ஜோர்டி ஏர்போர்ட் பக்கம், சான்ட் ஜுசெப் தென்மேற்கு. அவசரத்துல படிச்சா மூணும் ஒரே ஊர் மாதிரி தெரியும். ரூம் புக் பண்றப்போ பேரை நம்பாதீங்க, மேப்ல புள்ளி எங்க விழுதுன்னு பாருங்க.

படி 2: மாசம்

அக்டோபர்னா ஆஃப் சீசன், ஆள் இருக்காதுன்னு நெனச்சு முதல் வாரமே போய் இறங்கினேன். அப்பதான் தெரிஞ்சுது, கிளப்பெல்லாம் சீசனை மூடுறதுக்கு முன்னாடி 'க்ளோஸிங் பார்ட்டி'ன்னு நடத்துறது சரியா அந்த நேரத்துலதான். ஃபிளைட்ல என்னை சுத்தி மூணு வரிசையும் பாட்டு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா நிம்மதி. அக்டோபர் நடுவுலேர்ந்து கடைசி வரைக்கும், இல்லன்னா ஏப்ரல் கடைசி, மே ஆரம்பம், இதுதான் என் சாய்ஸ். அதுலயும் கடல்ல குளிக்கணும்னா அக்டோபர்தான், கோடை பூரா சூடான தண்ணி அவ்ளோ சீக்கிரம் ஆறாது, மே மாசத் தண்ணி நம்ம ஊர் ஆளுங்களுக்கு பனிக்கட்டி. நவம்பர் வந்துட்டா பாதி ஹோட்டலும் சாப்பாட்டுக் கடையும் பூட்டிடுவாங்க. பிப்ரவரில சான்டா ஆக்னெஸ் பக்கம் பாதாம் மரம் பூத்து வயலே வெள்ளையா இருக்குமாம், அதுக்குன்னே ஒரு தடவை போகணும்.

படி 3: கார், அதைவிட முக்கியமா கார்டு

இங்கதான் நான் விழுந்தேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

வடக்குல நான் எடுத்தது அக்ரோடூரிஸ்மோ. அதாவது பழைய பண்ணை வீட்டை ஏழெட்டு ரூம் இருக்குற தங்குமிடமா மாத்தியிருப்பாங்க, சுத்தி அத்தி மரம், கரோப் மரம், ஆட்டு மணிச் சத்தம். சொர்க்கம். ஆனா மெயின் ரோட்டுலேர்ந்து ரெண்டரை கிலோமீட்டர் மண் ரோடு, கார் இல்லாம ஒண்ணும் நடக்காது. ஆன்லைன்ல காருக்கு முழுக் காசும் கட்டிட்டேன், ஏர்போர்ட் கவுன்டர்ல கெத்தா ஃபாரெக்ஸ் கார்டை நீட்டினேன். அந்தப் பொண்ணு திருப்பிப் பாத்துட்டு வேணாம்னு சொல்லிருச்சு. டெபிட் கார்டு கொடுத்தேன், அதுவும் வேணாமாம். டெபாசிட்டுக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல ப்ளாக் பண்ணணும், அதுக்கு ஓட்டுறவங்க பேர்லயே கிரெடிட் கார்டு வேணும். என்கிட்ட கிரெடிட் கார்டு இருந்துச்சு! ஆனா அதுல இன்டர்நேஷனல் யூஸ் ஆஃப்ல இருந்துச்சு. நம்ம பேங்க் கார்டெல்லாம் 2020லேர்ந்து டிஃபால்ட்டா உள்நாட்டுக்கு மட்டும்தான், வெளிநாட்டுக்கு நாமதான் ஆன் பண்ணணும். சரின்னு ஆப்பைத் திறந்தா ஓடிபி கேக்குது, ஓடிபி வர்ற சிம் ரோமிங் இல்லாம பர்ஸ்ல தூங்குது, போன்ல இருக்கறது டேட்டா மட்டும் தர்ற ஈசிம். பின்னாடி க்யூ. அழுகையே வந்துருச்சு. கட்டின காசும் திரும்பி வரல.

அப்புறம் ஏர்போர்ட்லேர்ந்து டவுனுக்கு ஒரு பஸ், டவுன்லேர்ந்து சான்ட் ஜுவானுக்கு ஒரு பஸ். அந்த ரெண்டாவது பஸ் நாளைக்கு சில நடைதான், கடைசி நடை போச்சுன்னா போச்சு. மெயின் ரோட்டுல இறங்கி பெட்டியை இழுத்துக்கிட்டு மண் ரோட்டுல, தெருவிளக்குன்னு ஒண்ணுகூட இல்ல, போன் டார்ச்சை வச்சுக்கிட்டு நடந்தேன். பாதி வழியில ஒரு சக்கரமும் கழண்டுச்சு. வெல்னஸ் டிரிப் அப்படித்தான் ஆரம்பிச்சுது.

அதனால கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே செய்ய வேண்டியது:

- கிரெடிட் கார்டு உங்க பேர்ல, கையில பிளாஸ்டிக்கா இருக்கணும். போன்ல இருக்குற கார்டு செல்லாதுன்னே வச்சுக்குங்க.
- ஆப்புல இன்டர்நேஷனலை ஆன் பண்ணி, லிமிட்டையும் ஏத்துங்க. ஆன் மட்டும் பண்ணிட்டு லிமிட்டை விட்டா அதே கதைதான்.
- நாலு டிஜிட் பின் ஞாபகம் இருக்கான்னு இங்கயே ஒரு தடவை போட்டுப் பாருங்க.
- ஊர் சிம்ல சும்மா எஸ்எம்எஸ் வர்ற அளவுக்காவது ரோமிங் போட்டு வைங்க.
- ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட். ஒரு வருஷம் செல்லும். ஒரிஜினல் லைசென்ஸும் கூடவே இருக்கணும்.

வெளில தனியா கம்மி ரேட்ல கார் இன்சூரன்ஸ் வாங்கலாம்னு நெறைய பேர் சொல்வாங்க, வாங்குங்க, ஆனா அது இருந்தாலும் கவுன்டர்காரங்க டெபாசிட்டை ப்ளாக் பண்ணத்தான் செய்வாங்க, ரெண்டும் வேற வேற. வண்டி எவ்ளோ சின்னதோ அவ்ளோ நல்லது, அந்த மண் ரோட்டுல எதுக்க ஒரு வண்டி வந்தா நீங்கதான் ரிவர்ஸ் போகணும். நான் மூணாவது நாள் அண்ணன்கிட்ட வாட்ஸ்ஆப்ல புலம்பி, அவன் பேங்க்ல பேசி, எப்படியோ கார்டை ஆன் பண்ணி, பக்கத்து ஊர்ல ஒரு ஃபியட் பாண்டா எடுத்தேன். அங்க ரோட்டுக்கு வலது பக்கம் ஓட்டணும்ங்கிறது ஒரு மணி நேரத்துல பழகிருச்சு, ரவுண்டானாதான் ரெண்டு நாள் படுத்துச்சு.

படி 4: கார் ஓட்டத் தெரியாதா? சான்டா எவுலாரியா போங்க

பண்ணை வீட்டை மறந்துடுங்க. சான்டா எவுலாரியா கிழக்குக் கரையில ஒரு அமைதியான டவுன், கடலோரமா நீளமான நடைபாதை, மருந்துக்கடை, சூப்பர்மார்க்கெட் எல்லாம் நடக்குற தூரத்துல, இபிஸா டவுனுக்கு பஸ் அடிக்கடி வரும். சாயங்காலம் பாட்டி தாத்தாங்க பெஞ்சுல உக்காந்து கதை பேசுவாங்க. முதல் தடவை தனியா போற பொண்ணுங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், அழகு கொஞ்சம் கம்மிதான், நிம்மதி ஜாஸ்தி.

படி 5: ரிட்ரீட்ல சேரணுமா?

என் கருத்து: வேணாம். தங்குற ரூமோட யோகா, சவுண்ட் பாத் (படுத்துக்கிட்டு மணியோசை கேக்கறது), கொக்கோ செரிமனி (கூடி உக்காந்து கொக்கோ குடிக்கறது)ன்னு பேக்கேஜ் போட்டு விக்கிறாங்க, அதுல பாதி நம்ம பாட்டி காலையில எந்திரிச்சு சும்மா செஞ்சது. அதுவும் தனியா போனா ரூமை ஷேர் பண்ணாததுக்குன்னு தனியா ஒரு தொகை தீட்டுவாங்க, கடைசி பேஜ்லதான் அது தெரியும். ரூம் தனியா எடுத்துட்டு, டிராப்-இன் யோகா க்ளாஸ் ரெண்டு மூணு போனா போதும். நான் ரெண்டு க்ளாஸ் போனேன், டீச்சர் டச்சுக்காரம்மா, என்னைப் பாத்ததும் நான் நல்லா செய்வேன்னு நெனச்சிருப்பாங்க பாவம், எனக்கு குனிஞ்சா கால் கட்டைவிரல் எட்டாது.

படி 6: தனி ஆள் சாப்பாடு

பயேயா (ஸ்பெயின்காரங்க அரிசிச் சாப்பாடு) சாப்பிடலாம்னு ஆசையா உக்காந்தா மெனுல கீழ சின்னதா "குறைஞ்சது ரெண்டு பேர்"னு இருக்கும். நிறைய கடையில அப்படித்தான். மத்தியானம் 'மெனு தெல் தியா' இருக்கான்னு கேளுங்க, ஒரே ரேட்ல ரெண்டு மூணு ஐட்டம் வரும், தனி ஆளுக்கு அதுதான் சரி. ராத்திரி ஏழு மணிக்கு பசிச்சா ஒண்ணும் கிடைக்காது, எட்டரை ஒன்பதுக்குத்தான் அடுப்பே பத்தவைப்பாங்க போல, அதனால ரூம்ல ரொட்டி, தக்காளி, பழம் வச்சுக்குங்க.

சைவக்காரங்களுக்கு: வெஜிடேரியன்னு சொல்லி சாலட் கேட்டா மேல டூனா மீனை உதுத்துப் போட்டு வரும். அவங்க கணக்குல அது கறி இல்ல. "ஸின் கார்னே, ஸின் பெஸ்காதோ, ஸின் அதூன், ஸின் ஹமோன்"னு நாலையும் சேத்து சொல்லுங்க. கறி, மீன், டூனா, பன்னித்தொடை எதுவும் வேணாம்னு அர்த்தம். குழாய்த் தண்ணி வாயில வைக்க முடியாது, உப்பு. பெரிய கேனா வாங்கிக்குங்க.

படி 7: நாளைக்கு ஒரே ஒரு இடம்

லிஸ்ட் போட்டு ஓடாதீங்க. காலையில அய்குவெஸ் பிளான்கெஸ், கிழக்கு பாத்த பீச், சூரியன் கடல்லேர்ந்து எந்திரிக்கறது தெரியும். முன்கூட்டியே சொல்லிடுறேன், அது துணி இல்லாம குளிக்கிற பீச். எனக்கு யாரும் சொல்லல, படி இறங்கி வந்து பாத்துட்டு பத்து நிமிஷம் என் செருப்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நாம துணியோட இருந்தா யாரும் ஒண்ணும் கேக்கல. போட்டோ மட்டும் எடுக்காதீங்க.

சில பீச்ல கரையில பழுப்பு கலர்ல ரிப்பன் மாதிரி குப்பை குவிஞ்சு கிடக்கும், ச்சீன்னு திரும்பிடாதீங்க. அது பொசிடோனியா, கடல்புல். அந்தத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கறதுக்கே இந்தப் புல்லும் ஒரு காரணம், 1999ல யுனெஸ்கோ இந்தத் தீவை உலகப் பாரம்பரிய லிஸ்ட்ல சேத்தப்போ பழைய கோட்டை டால்ட் விலாவோட இந்தப் புல்வெளியையும் சேத்துதான் சொன்னாங்க. கோட்டைக்கு வெயில் தாழ ஏறுங்க, கல்லு வழுக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தெற்குல செஸ் சலினெஸ் உப்பளம். பீச்சுக்குப் போனா மியூசிக் போட்டுக் கொல்லுவாங்க, உப்பளத்து ரோட்டோரமா நிறுத்திட்டு சும்மா நின்னேன், ரோஸ் கலர் பாத்தி, தூரத்துல பூநாரைங்க. ஃபினீஷியர்ங்கிற பழங்காலக் கடல் வியாபாரிங்க காலத்துலேர்ந்து உப்பு எடுக்குற இடமாம். ஒரு மணி நேரம் எதுவும் பேசாம, எதுவும் யோசிக்காம நின்னது எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி ஒம்பது மணி நேரம் தூங்கினேன்.

ஆப் பத்தி: நடைபாதைக்கு கூகுள் மேப்ஸ் வேணாம், அது ஒரு தடவை என்னை யாரோட கோழிக்கூண்டுக்கோ கூட்டிட்டுப் போச்சு. ஆர்கானிக் மேப்ஸ்ல தீவை டவுன்லோட் பண்ணிக்குங்க, நெட் இல்லாமலே வேலை செய்யும். மழைக்கு ஸ்பெயின் வானிலை ஆபீஸோட ஆப், ஏமெட். மெழுகு இயர்பிளக், ஒரு ஹெட்லாம்ப், ரெண்டும் கட்டாயம்.

அப்டேட் 1: தென்மேற்குக் கரைக்கு எதிர்ல கடல்ல நிக்கிற எஸ் வெத்ரா பாறையை சூரியன் மறையறப்போ பாக்க எங்க நிறுத்தறதுன்னு மூணு பேர் கேட்டிருந்தீங்க. எல்லாரும் போட்டோ போடுற அந்த மேட்டுல 2025ல நிலத்துக்காரங்க பாறாங்கல்லைப் போட்டு கார் வர்ற வழியை மறிச்சாங்க, கூட்டமும் குப்பையும் தாங்க முடியாம. அவங்க மேல தப்பில்ல. கீழ காலா டோர்ட் பீச்சுக்குப் போங்க, அதே பாறை நல்லா எதிர்லயே தெரியும்.

அப்டேட் 2: வடக்குல பெனிராஸ் பீச்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டிரம்ஸ் வாசிப்பாங்களே, அமைதியா இருக்குமான்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. டிரம்ஸ்மா அது. திங்கக்கிழமை போ.